படிக்கட்டில் ஒரு காலி ஹோல்டர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு எங்கள் வீட்டில் 'அட்டவணை' என்று பெயர். நேரில் அத்தான், முதுகுக்குப் பின்னால் அட்டவணை. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

மனிதர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். கார் நசுங்கியவர்களும் கடை எரிந்தவர்களும் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, 'கூடுதல் விவரம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. ஆமாம் என்றும் எழுத வேண்டாம், இல்லை என்றும் எழுத வேண்டாம். இப்படி ஒரு நாற்காலி இருப்பதே எனக்குத் தெரியாது. அவருக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் அது அங்கே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான். மிக்ஸி வாங்க நான்கு மாதம். மெத்தை வாங்க ஒரு வருடம். அதுவரை புதுசாகக் கல்யாணமான இரண்டு பேரும் தரையில் போர்வையை விரித்துப் படுத்தார்கள். எதை வாங்குவதென்றாலும் மடிக்கணினியில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை போடுவார். இடதுபக்கம் பொருள்களின் பெயர், மேலே அவற்றின் குணங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கல்யாணமான மூன்றாம் மாதம் அக்கா அந்தக் கணினியில் பெண்களின் பட்டியல் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மொத்தம் ஏழு பேர். அக்காவுக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று. அதிலும் அவள் இரண்டாவதுதான். எழுபத்தாறு வாங்கியவள், இவர் யோசித்து முடிப்பதற்குள் வேறொருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். எதிரே வந்து உட்காரும் கையை ஒரு தடவு தடவுவாள், நரம்பு எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும், ஊசி இறங்கிவிடும். பத்து வினாடி. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் காத்திருப்பார்கள் என்பதால் ஆறு மணிக்கே அவள் அங்கே இருக்க வேண்டும். ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவாள். இவளுக்கு இவர் எப்படி வாய்த்தார் என்று நான் பல தடவை தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவர்கள் சொந்தமாக வீடு கட்டினார்கள். கீழே ஹால், சமையலறை, அத்தானுடைய அப்பாவின் அறை. மேலே இரண்டு படுக்கையறை. நடுவில் ஒருமுறை திரும்பி ஏறும் படிக்கட்டு. அத்தானின் அப்பா பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், வீட்டில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். இவர்கள் போக, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள்.

சுவரில் பூச்சு போடுவதற்கு முன்னால் ஒயர்மேன் வந்து அத்தானிடம் கேட்டார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன்.

"சார், போன்ல லைட்டு போடற மாதிரி வேணும்னு சொன்னீங்களே, பல்பை ஸ்மார்ட்டா போடப் போறீங்களா, சுவிட்சையா? சுவிட்சுன்னா அதுக்கே எப்பவும் கரண்ட் வேணும், கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் ஒயரும் சுவிட்ச் பெட்டிக்குள்ள வரணும். இப்பவே சொன்னா இழுத்துடுவேன். பூசிட்டா அப்புறம் சுவத்தை உடைக்கணும்."

"ரெண்டு நாள் டைம் குடுங்க. பார்த்துட்டு சொல்றேன்."

"எதுக்கும் இழுத்து வச்சிடறேனே சார். வேணாம்னா சும்மா கிடக்கட்டும்."

"முடிவு பண்ணாம எதையும் செய்யக்கூடாது," என்றார் அத்தான். ஏதோ பெரிய தத்துவத்தைச் சொல்லிவிட்டவர்போல என்னை ஒரு பார்வை வேறு பார்த்தார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கையில் டெஸ்டரோடு பாதி ஆயுளைக் கழித்தவன். நியூட்ரல் என்றால் என்ன என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு தடவை நானாகவே வாயைத் திறந்தேன். "மாப்ளே, உன்னோடது மெக்கானிக்கல். இது டிஜிட்டல். வேற துறை," என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாமல் இருந்து வேடிக்கை பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஒயர்மேன் இரண்டு நாள் அல்ல, ஒன்பது நாள் காத்திருந்தார். பூச்சு வேலைக்காரர்கள் காத்திருக்கவில்லை. நியூட்ரல் இல்லாமலே சுவர் மூடிக்கொண்டது.

குடிவந்தபோது பழைய வாடகை வீட்டிலிருந்து ஐந்து பல்புகளைக் கழற்றி எடுத்துவந்தார்கள். புது வீட்டில் ஒன்பது இடத்தில் ஹோல்டர் இருந்தது. ஐந்தை ஐந்து இடத்தில் மாட்டினார்கள். பின்வாசல், சாமான் அறை, மாடிக் குளியலறை, படிக்கட்டு, இந்த நான்கும் காலி. "தற்காலிகம்தான்," என்றார் அத்தான். கூரையிலிருந்து இரண்டு ஒயரில் ஒரு கறுப்பு ஹோல்டர் வாயைப் பிளந்துகொண்டு படிக்கட்டுத் திருப்பத்தின் மேல் தொங்கியது. பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு தொடங்கியது ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் போதும், மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"பாரு மாப்ளே. பல்புன்னா ஒயரிங் வேலையே இல்ல. கழட்டி மாட்டினா முடிஞ்சுது. கலர் மாத்தலாம். வீடு மாறினா கூடவே எடுத்துட்டுப் போலாம்."

"சொந்த வீட்டை விட்டு எங்க அத்தான் போகப்போறீங்க?"

"அது ஒரு பாயிண்ட்தான். ஆனா பல்புக்கு எப்பவும் கரண்ட் வந்துக்கிட்டே இருக்கணும். யாராவது சுவத்துல சுவிட்சை ஆஃப் பண்ணிட்டா பல்பு செத்துப்போயிடும், போனுக்குக் கட்டுப்படாது. சுவிட்சுன்னா அந்தப் பிரச்சனை இல்ல. போன்லயும் போடலாம், கையாலயும் போடலாம். ஆனா..."

"ஆனா நியூட்ரல் இல்ல."

"நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யற சுவிட்சும் வருது. சின்ன பல்பா இருந்தா மினுக்கு மினுக்குங்குதாம். அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அதுவரைக்கும் படிக்கட்டுக்கு ஒரு சாதா பல்பு போடுங்களேன்."

"வீண். நாளைக்கு ஸ்மார்ட் பல்புன்னு முடிவாச்சுன்னா அதைத் தூக்கித்தானே போடணும்?"

"சுவிட்சுன்னு முடிவாச்சுன்னா சாதா பல்புதானே வேணும்?"

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அதுலயும் வெளிச்சத்தைக் குறைக்கிற வசதி உள்ள பல்பா, இல்லாததான்னு பார்க்கணும்," என்று சொல்லிவிட்டு அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். நான் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இதை நடித்தே காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஐந்தாவது மாதம் சோதனைக்கு என்று ஒரே ஒரு ஸ்மார்ட் பல்பு வந்தது. ஹாலில் மாட்டினார். கழற்றிய பழைய பல்பை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அலமாரியில் வைத்துக்கொண்டார். சுவிட்சின்மேல் அட்டையை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். 'தொடக்கூடாது' என்று சிவப்பு மையில் எழுதினார். குடும்பத்தையே வரிசையாக உட்காரவைத்து, இனிமேல் ஹால் விளக்கைத் தன் போனிலிருந்துதான் போட வேண்டும் என்று வகுப்பெடுத்தார். அவர் அலுவலகத்தில் இருந்தால்? அங்கிருந்தே போடுவார். கூட்டத்தில் இருந்தால்? கூட்டம் முடிந்ததும் போடுவார்.

"நான் பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்குள்ள உன் கூட்டம் முடிஞ்சிடுமா?" என்று கேட்டார் கண்டக்டர்.

அன்று சாயங்காலமே டேப் கிழிந்தது. கண்டக்டருக்கு ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதைக் கண்டால் பொறுக்காது. மறுநாள் அத்தான் அலுவலகத்திலிருந்து போனைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறார், விளக்கு கேட்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார்.

"அப்பா, ஹால் சுவிட்சை அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"அதைத் தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேனே!"

"சுவிட்சைத் தொடக்கூடாதுன்னா அதை ஏண்டா சுவத்துல வச்சே? அலமாரியில வச்சுப் பூட்டு."

மகள் தன் பங்குக்கு அப்பாவின் போனை எடுத்து அந்த விளக்கை நீலமாக மாற்றினாள். அது எப்படி மாறியது என்று அவருக்குத் தெரியாமல் ஹால் இரண்டு நாள் மீன்தொட்டிபோல இருந்தது. அத்தான் பல்புக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார். அதற்காகச் சுவிட்சுக்குக் கூட்டவும் இல்லை.

எட்டாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஐந்தே காலுக்கு அக்கா மாடியிலிருந்து இறங்கியிருக்கிறாள். இன்னும் விடியவில்லை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் போனின் டார்ச். எட்டு மாதமாக அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. யாரென்று பார்க்கப் போனைத் திருப்பினாள். டார்ச் சுவரைப் பார்த்தது, திரையின் வெளிச்சம் அவள் முகத்துக்கு வந்துவிட்டது, காலுக்கு இல்லை. திருப்பத்தில் ஒரு படியை விட்டுவிட்டாள். கீழே போய்ச் சேரும்போது இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா விழுந்துட்டா. கை கோணலா இருக்கு. உடனே வாங்க."

நான் போனபோது அத்தான் வாசலில் நின்று, எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார். மக்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்! நான் அக்காவை என் வண்டியில் ஏற்றி, அடுத்த தெருவிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. ஒரு பெண் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை இழுத்து நேராக்கினார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட வேண்டும். டாக்டர் கேட்டார்:

"சாதா கட்டு போடலாமா, ஃபைபர் கட்டு போடலாமா? ஃபைபர் கொஞ்சம் லேசா இருக்கும்."

கேள்வி யாருக்கு என்பதில் டாக்டருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. கை அக்காவுடையது. ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அத்தான்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் டாக்டர்? தண்ணி பட்டா? எது சீக்கிரம் சேரும்? ஏதாவது புள்ளிவிவரம் இருக்கா?"

டாக்டர் முதல் மூன்று கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். நான்காவது கேள்விக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தான் போனை எடுத்துத் தேடவே ஆரம்பித்துவிட்டார். "ஒரு அஞ்சு நிமிஷம் டாக்டர். கொஞ்சம் படிச்சுட்டு சொல்றேன்."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இருபது வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோபமில்லை. நரம்பு கிடைக்காத கையை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கையை நீட்டச் சொல்வாளே, அந்தப் பார்வை.

"லேசா இருக்கறதையே போடுங்க டாக்டர்," என்றாள்.

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றார் அத்தான்.

"போடுங்க டாக்டர்."

கட்டு போட்டு முடிய இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து கீழே ஹாலில் அக்காவைப் படுக்கவைத்தோம். அத்தான் மாடிக்குப் போய்விட்டார். எனக்கு நாக்கு துருதுருத்தது. எட்டு மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். மனுஷனா இவர், ஒரு பல்பு மாட்டத் துப்பில்லாதவர், கூமுட்டை, உன் கையை உடைத்ததே இந்த ஆள்தான் என்று நீட்டி முழக்கினேன். கண்டக்டர் தன் அறை வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற மகனைப் பற்றி அவர் காதுபடப் பேசுகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்:

"நீ எத்தனை ஞாயித்துக்கிழமை வந்தே?"

"எதுக்கு கேக்கறே?"

"வாராவாரம் வந்தே. அந்தப் படியில ஏறி இறங்கினே. அந்த ஹோல்டரைக் காட்டிக் காட்டிச் சிரிச்சே. ஒரு நாள் ஒரு பல்பைக் கொண்டுவந்து மாட்டினியா?"

நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"அவருக்கு முடியல. உனக்கு என்ன?"

லிஃப்டுக்குள் எரியும் விளக்குகள் அடிக்கடி போய்விடும். அதனால் என் வேலைப் பையில் எப்போதும் மூன்று நான்கு பல்பு இருக்கும். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. அந்தப் பையை வண்டியில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். மாட்டியிருந்தால் கிண்டலுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது, அவ்வளவுதான் விஷயம். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வெளியே போனேன். பையைத் திறந்து ஒரு பல்பை எடுத்துவந்து, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவிட்சைப் போட்டதும் படிக்கட்டு முழுக்கப் பளிச்சென்று ஆனது. மேல்படியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். கையில் மடிக்கணினி இல்லை, போன் இல்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் கண்ணில் பட்டதும் கையால் மறைத்துக்கொண்டார். ஒரு கணம் அவர்மேல் பரிதாபம்போல ஏதோ வந்தது. அடுத்த வாரம், 'பாதுகாப்பு' என்று புதிதாக ஒரு கட்டம் அட்டவணையில் சேர்ந்திருக்கிறது என்று மகள் சொன்னாள். வந்த பரிதாபமும் போய்விட்டது.

கட்டுப் போட்ட கையோடு பத்தாவது நாள் அக்கா ஒயர்மேனைக் கூப்பிட்டாள். அத்தான் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு மடிக்கணினியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"பல்பா, சுவிட்சாம்மா?" என்று கேட்டார் ஒயர்மேன்.

"கையில போன் இல்லாத ஆளுக்கு எது எரியும்?"

"சுவிட்சுதாம்மா. சுவத்துல தட்டினா எரியும். வேணும்னா போன்லயும் போட்டுக்கலாம்."

"அப்ப சுவிட்சு."

"நியூட்ரல் இழுக்கணுமே. பூச்சை உடைக்கணும்."

"உடைங்க. படிக்கட்டுக்கும் ஹாலுக்கும் மட்டும் போதும். மத்ததெல்லாம் சாதா சுவிட்சே இருக்கட்டும்."

"ஒரு வாரம் பொறுத்தா, நியூட்ரல் இல்லாததுலயே புதுசா ஒண்ணு..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தூசி படும்," என்றாள் அக்கா. குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் எட்டு மாதம் வாய் வலிக்கப் பேசியதெல்லாம் இந்த ஒரு வரிக்கு உறைபோடக் காணாது.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. படிக்கட்டு விளக்கு இப்போது காலை ஐந்து மணிக்குத் தானாகவே எரிகிறது. அக்காதான் போனில் அப்படி வைத்திருக்கிறாள். கண்டக்டர் ஆறரைக்குச் சுவரில் தட்டி அணைத்துவிடுகிறார். மறுநாள் ஐந்துக்கு அது மறுபடி எரிகிறது. யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. இதற்குத்தான் எட்டு மாதம்.

அந்த நாளிலிருந்து வீட்டில் அக்கா யாரிடமும் கேட்பதில்லை. புதுக் குளிர்சாதனப் பெட்டி ஒரு மதியத்தில் வந்து இறங்கியது. மகள் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதை அம்மாவும் மகளும் பேசி முடித்துவிட்டு, சேர்ந்த பிறகு அவரிடம் சொன்னார்கள். "அப்படியா, நல்லது," என்றாராம். அவருக்கு இதெல்லாம் அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மனிதர் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார், நன்றாகத் தூங்குகிறாராம். வெட்கம் என்ற ஒன்றை அவரிடம் தேடியது என் தப்பு.

அட்டவணைகள் நின்றுவிடவில்லை. இப்போது அவை அலுவலகத்துக்காக. அங்கே அவர்தான் நிபுணராம். போன மாதம் அவருடன் வேலை செய்யும் ஒருவர் புது வீடு கட்டுகிறார் என்று ஆலோசனை கேட்க வந்திருந்தார். நானும் இருந்தேன். அத்தான் அவரைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய், சுவிட்சைக் கையால் தட்டிக் காட்டினார், போனால் தட்டிக் காட்டினார். "எட்டு மாசம் ஆராய்ச்சி பண்ணி முடிவெடுத்தேன். பல்புப் பக்கம் போயிடாதீங்க," என்றார். வந்தவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு என்ன யோக்கியதை?

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு இடது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாது, தம்ளரை ஒரு பக்கமாகச் சாய்த்தபடிதான் நீட்டுவாள். வந்தவர் கவனித்துவிட்டார்.

"கையில என்னம்மா?"

"போன வருஷம் படியில விழுந்துட்டேன்."

"அடடா. இந்தப் படியிலயா? இவ்வளவு வெளிச்சமா இருக்கே!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்க," என்று வந்தவரிடம் சொன்னாள்.